கானி எந்தக் கதைக்குள் இருந்தாள்?

ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் எழுதிய 'எங்கே போகிறாய், எங்கே போயிருந்தாய்?' என்ற சிறுகதையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: இதில் தேவதைக் கதைகளின் சாயல் இருக்கிறது என்கிறார்களே, எங்கே இருக்கிறது? எனக்கென்னவோ விவரம் தெரியாத ஒரு பெண் முன்பின் தெரியாத ஒருவனை நம்பி மோசம் போன கதையாகத்தான் படுகிறது.

கேள்வியின் பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கானி அவனை நம்பவில்லை. இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். அவன் வீட்டு வாசலில் வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே, இவன் சொல்கிற வயது பொய், தலைமுடி விக் மாதிரி இருக்கிறது, முகத்தில் எதையோ பூசியிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடுகிறாள். போய்விடு என்கிறாள். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறாள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது, நல்ல இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு அவளுக்குத் துளிகூட இல்லை. அப்படியென்றால் அவளுடைய வெகுளித்தனம் எதில் இருக்கிறது? இதைச் சொல்லத்தான் தேவதைக் கதைகள் வேண்டியிருக்கின்றன. கானி ஒரு தேவதைக் கதைக்குள் வாழ்ந்துகொண்டிருந்தாள். ஆனால் அவள் நினைத்துக்கொண்டிருந்த கதை ஒன்று, உண்மையில் அவள் மாட்டியிருந்த கதை இன்னொன்று. என் பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான சாட்சியம்.

படித்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கதை. 1966-ல் 'எபாக்' என்ற இலக்கிய இதழில் வந்தது. கானிக்கு 15 வயது. அக்கா ஜூனுக்கு 24. கானி படிக்கிற அதே பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குக் கானியைக் கண்டாலே எரிச்சல். அப்பா வேலைக்குப் போவார், வருவார், செய்தித்தாளை விரித்துக்கொண்டு சாப்பிடுவார், படுத்துவிடுவார். கோடை விடுமுறையில், கடைவளாகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கானியும் தோழியும் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, பெரிய பையன்கள் கூடும் உணவகத்துக்குப் போவார்கள். அங்கே ஓர் இரவு, தங்க நிறம் அடித்த பழைய காரில் இருந்த ஒருவன் அவளைப் பார்த்து விரலை ஆட்டி, உன்னைப் பிடிக்காமல் விடமாட்டேன் என்று சிரிக்கிறான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் விருந்துக்குப் போயிருக்கும்போது, அதே கார் வாசலில் வந்து நிற்கிறது. அவன் பெயர் ஆர்னால்ட் ஃப்ரெண்ட். கூட எல்லி என்றொருவன், கையில் டிரான்சிஸ்டர். வா, ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம் என்று ஆரம்பிக்கிற பேச்சு, நீ வராவிட்டால் உன் குடும்பத்துக்கு என்ன ஆகும் தெரியுமா என்பதில் வந்து நிற்கிறது. அவள் வெளியே வருகிறாள். கதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

சரி, ஓநாயிடம் வருவோம்.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் யாருக்கும் மறக்காத இடம், பாட்டியைத் தின்றுவிட்டு அவள் வேஷத்தில் கட்டிலில் படுத்திருக்கும் ஓநாயோடு சிறுமி நடத்தும் அந்தக் கேள்வி-பதில். பாட்டி, உனக்கு ஏன் காது இவ்வளவு பெரிசா இருக்கு? கண் ஏன் இவ்வளவு பெரிசு? பல் ஏன்? இந்தப் பகுதியைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம், இந்தப் பெண் இவ்வளவு மக்காக இருக்கிறாளே என்று. ஆனால் கவனித்துப் பாருங்கள், அவள் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. காது பெரிது என்பது தெரிகிறது, பல் பெரிது என்பது தெரிகிறது. எல்லாவற்றையும் கூட்டி, இது ஓநாய் என்று விடை சொல்லத்தான் முடியவில்லை.

வலைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கானி செய்வதும் இதே வேலைதான். முதலில் கண் தெரிவதில்லை, கண்ணாடி போட்டிருக்கிறான். அதில் எல்லாம் சின்னதாகப் பிரதிபலிக்கிறது, அவன் எங்கே பார்க்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை. அப்புறம் மூக்கு. நீளமான, பருந்து மாதிரியான மூக்கு. அவள் ஏதோ தின்பண்டம் போலவும், இவன் அவளை லபக்கென்று விழுங்கப்போவது போலவும், ஆனால் அதெல்லாம் ஒரு வேடிக்கை போலவும் அது மோப்பம் பிடிக்கிறது என்று எழுதுகிறார் ஓட்ஸ். அப்புறம் பல்: பெரிது, வெள்ளை. கண்ணாடியைக் கழற்றும்போது கண்ணைச் சுற்றி வெளுத்த தோல், நடுவில் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் கண்கள். இமை முடியில் தார் பூசியது போன்ற கறுப்பு. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். நூற்றாண்டுக் கணக்காகக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லிவந்த அந்தப் பட்டியலைத்தான் ஓட்ஸ் ஒரு கோடை மதியத்தில், பட்டப்பகலில் வரிசை மாறி எழுதியிருக்கிறார்.

இதற்கு நடுவே ஒரு வாக்கியம் வருகிறது. முழுக் கதையின் சாவியும் அதுதான் என்பது என் எண்ணம். அவன் போட்டிருக்கும் இறுக்கமான ஜீன்ஸ், பூட்ஸ், சட்டை, அந்தத் தூக்கம் கலந்த சிரிப்பு, பாட்டு மாதிரி இழுத்துப் பேசுகிற பேச்சு எல்லாம் அவளுக்குப் பழக்கமானவைதான். ஆனால் இவை எல்லாம் ஒன்றாகச் சேரவில்லை என்கிறாள். சிறுமிக்குப் பாட்டியின் தொப்பி தெரியும், பாட்டியின் போர்வை தெரியும். கானிக்கு உணவகத்துப் பையன்களின் உடுப்பு தெரியும். ஓநாய் எப்போதுமே நமக்குப் பிடித்தவர்களின் துணியைத்தான் எடுத்து மாட்டிக்கொள்கிறது. பழைய கதையில் அது பாட்டியின் இரவுத் தொப்பி. 1966-ல் அது இளவட்டங்களின் பூட்ஸ்.

இந்த வேஷம் போடுகிற சமாசாரத்தில் கானியும் சும்மா இல்லை. அவளுக்கு எல்லாவற்றிலும் இரண்டு பக்கம்: வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று. மேல்சட்டையை வீட்டில் போடுகிற விதம் வேறு, வெளியே போடுகிற விதம் வேறு. நடை, சிரிப்பு, வாயின் சாயம், எல்லாமே வாசல் தாண்டியதும் மாறும். தானே வேஷம் போடுகிறவளுக்கு இன்னொருவன் வேஷத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். அவளுடைய வேஷத்துக்கு உள்ளே இருப்பது ஒரு சின்னப் பெண். அதனால் எதிராளி வேஷத்துக்கு உள்ளேயும் ஒரு பையன்தான் இருப்பான் என்று கணக்குப் போடுகிறாள். அவனுக்கு முப்பது வயது, ஒருவேளை அதற்கு மேலும் இருக்கும் என்று உறைக்கிற நொடியில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குவது அதனால்தான்.

பாட்டி எங்கே என்று கேட்பீர்கள். நானும் முதல் இரண்டு முறை படித்தபோது கவனிக்கவில்லை. பேச்சுவாக்கில் ஆர்னால்ட், இந்தத் தெருவில் கோழி வளர்க்கிற அந்தக் கிழவியை உனக்குத் தெரியுமா என்று கேட்கிறான். அவள் செத்துப்போய்விட்டாளே என்கிறாள் கானி. செத்துவிட்டாளா, உனக்கு அவளைத் தெரியுமா என்று இவன் திருப்பிக் கேட்கிறான். சில வரிகள்தான். அதற்குப் பிறகு கிழவியைப் பற்றிப் பேச்சே இல்லை. வழியில் இருந்த கிழவியின் கதையை முடித்தாயிற்று, அடுத்து நீதான் என்பதை இதைவிடச் சத்தமில்லாமல் சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்குத் தெரிந்த கதையில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் வெளியே எடுப்பார். அது ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட வடிவம். அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், 1697-ல், பிரான்ஸில் ஷார்ல் பெரோ அச்சிட்ட வடிவத்தில் வேட்டைக்காரர் கிடையாது. ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, கதை முடிந்தது. கீழே செய்யுளில் ஒரு நீதி: எல்லா ஓநாய்களும் உறுமுவதில்லை, இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு, இளம்பெண்களின் பின்னாலேயே வீடு வரைக்கும் வருகிறவை உண்டு, அவைதான் ரொம்பவும் ஆபத்தானவை. ஓட்ஸ் எழுதியிருப்பது கிரிமின் கதையை அல்ல, பெரோவின் கதையை.

இன்னொரு விஷயம். பெரோவின் கதையில் அம்மா மகளுக்கு எந்த எச்சரிக்கையும் கொடுப்பதில்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை, இதைக் கொண்டுபோய்க் கொடு, அவ்வளவுதான். ஓநாயோடு நின்று பேசுவது ஆபத்து என்று அந்தப் பாவப்பட்ட குழந்தைக்குத் தெரியாது என்று கதைசொல்லி நம்மிடம்தான் சொல்கிறார், அவளிடம் யாரும் சொல்லவில்லை. கிரிமின் அம்மா எச்சரிக்கிறாள், ஆனால் எதற்காக? பாதையை விட்டு விலகாதே, விழுந்தால் பாட்டில் உடைந்துவிடும் என்று. காட்டில் ஓநாய் இருக்கிறது என்பதை இரண்டு அம்மாக்களும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஓட்ஸ் இந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தோழியின் அப்பா இரண்டு பெண்களையும் காரில் கொண்டுபோய் விடுகிறார், இரவு 11 மணிக்கு வந்து அழைத்துப்போகிறார். என்ன செய்தீர்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கானியின் அப்பா சாப்பாட்டு மேசையில் வாயைத் திறப்பதில்லை. அம்மா கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் கண்ணாடியையும் தலைமுடியையும் பற்றியவை. இப்போது தலைப்பைத் திரும்பப் படியுங்கள்: எங்கே போகிறாய், எங்கே போயிருந்தாய்? வீட்டில் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கதைக்குள் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. ஆர்னால்டுக்குக் கேட்கத் தேவையே இல்லை. அவள் நேற்று யாரோடு போனாள், வீட்டில் எல்லாரும் எங்கே போயிருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது முழுக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வாய்மொழியாகச் சொல்லப்பட்ட இன்னொரு வடிவமும் உண்டு. பிரான்ஸின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் பதிவானது. அதில் சிறுமியை வேட்டைக்காரரும் காப்பாற்றுவதில்லை, அவள் சாவதும் இல்லை. கட்டிலில் இருப்பது யார் என்று தெரிந்ததும், வெளியே ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்கிறாள். ஓநாய் அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் முற்றத்துக்கு வந்து, கயிற்றை அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போகிறாள். அந்தப் பட்டிக்காட்டுப் பெண்ணிடம் இருந்த சாமர்த்தியம் கானியிடம் ஏன் இல்லை? அவளுக்குப் புத்தி குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்த கதைகள் வேறு.

அந்த வேறு கதை சிண்ட்ரெல்லா.

கானியின் மனத்தில் காதல் எப்படி இருக்கும்? சினிமாவில் வருவது போல, பாட்டுகள் வாக்குக் கொடுப்பது போல, மென்மையாக, இதமாக. அவள் சந்தித்த பையன்களின் முகங்கள் எல்லாம் கரைந்து ஒரே முகமாகின்றன. அதுகூட முகம் இல்லை, பாட்டின் தாளத்தோடு கலந்த ஒரு உணர்ச்சி. அவள் இளவரசனுக்காகக் காத்திருக்கிறாள் என்று ஓட்ஸ் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரத் தலைமுடியை வெயிலில் உலர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக் கனவு கண்டுகொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம்.

வருவது தங்க வண்டி. பெரோவின் சிண்ட்ரெல்லாவில் தேவதை பூசணிக்காயைத் தொட்டதும் அது முழுக்கத் தங்க முலாம் பூசிய வண்டியாகிவிடும் (கிரிமின் சிண்ட்ரெல்லாவில் பூசணியும் கிடையாது, வண்டியும் கிடையாது). ஆர்னால்டின் கார் பளபளவென்று புதிதாகத் தங்க நிறம் அடித்த ஓட்டை வண்டி. அதன் பக்கவாட்டில் அவன் பெயரோடு ஓர் உருண்டையான, இளிக்கும் முகம் வரைந்திருக்கிறது. அது பூசணிக்காயை ஞாபகப்படுத்துகிறது, கறுப்புக் கண்ணாடி போட்ட பூசணிக்காய் என்று கானியே நினைக்கிறாள்! இதை எழுதும்போது ஓட்ஸ் சிரித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வண்டி தங்கமாக இருக்கிறது, பூசணிக்காயும் இருக்கிறது. பன்னிரண்டு மணி அடித்தபிறகு தெரிய வேண்டிய உண்மை வண்டி வரும்போதே அதன் கதவில் வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது.

செருப்பும் உண்டு. சிண்ட்ரெல்லாவில் பெண்ணின் காலுக்குச் செருப்பு பொருந்த வேண்டும். இங்கே வந்தவனின் பூட்ஸ்தான் அவன் காலுக்குப் பொருந்தவில்லை. நடக்கும்போது தடுமாறுகிறான், ஒரு பாதம் கோணலாகத் திரும்பியிருக்கிறது, உள்ளே கால் முழுசாக இறங்கியிருக்காது போல. பிசாசின் குளம்புக் காலை மறைக்கத்தான் பூட்ஸ் என்று சிலர் படிக்கிறார்கள். அவன் பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டு 'ஆர்' எழுத்தையும் எடுத்துவிட்டால் 'ஆன் ஓல்ட் ஃபீண்ட்', பழைய பிசாசு என்று வருவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் பூட்ஸுக்கு மண்ணில் கால் பதிந்த இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சிண்ட்ரெல்லா விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜூன். வீட்டைச் சுத்தம் செய்வது, சமைப்பது, அடக்க ஒடுக்கமாக இருப்பது எல்லாம் ஜூன். அலங்காரம் பண்ணிக்கொண்டு இரவில் வெளியே போவது கானி. அந்தக் கதையின் கணக்குப்படி சாம்பலில் உட்கார வேண்டியவள் அக்கா. கானி தனக்குரியது என்று நினைத்த வேஷத்தில் ஏற்கெனவே வேறு ஆள் இருக்கிறாள்.

ஸ்னோ ஒயிட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. கதையின் முதல் பத்தியிலேயே கண்ணாடி வந்துவிடுகிறது, அழகு போய்விட்ட அம்மாவின் பொறாமையும் வந்துவிடுகிறது. ஒரே ஒரு தகவல்: கிரிமின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஓட்ஸ் பெற்ற தாயையே வைத்துக்கொண்டார், கொலையை எடுத்துவிட்டார். கடைசியில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கானி கத்துவது அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டு.

இப்போது பூட்ஸ். அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் சார்ல்ஸ் ஷ்மிட் என்பவன் 1964-65-ல் பதின்வயதுப் பெண்கள் மூவரைக் கொன்றான். குள்ளமானவன், உயரமாகத் தெரிய பூட்ஸுக்குள் துணியும் நசுக்கிய டப்பாக்களும் அடைத்துக்கொள்வான், முகத்துக்குப் பூச்சு பூசிக்கொள்வான், தன்னைவிட இளையவர்களோடு சுற்றுவான். 1966 மார்ச்சில் 'லைஃப்' பத்திரிகை அவனைப் பற்றி எழுதிய கட்டுரை அவனுக்கு வைத்த பெயர் 'டூசானின் குழலூதி'. தன் கதைக்கு விதை இந்தச் செய்திதான் என்று ஓட்ஸே சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கே ஒரு பழங்கதை இல்லாமல் அந்த ஆளை விளக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜெர்மனியின் ஹாம்லின் ஊர்க் குழலூதியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1284-ல் 130 குழந்தைகள் குழலோசைக்குப் பின்னால் போய்த் திரும்பவே இல்லை என்பது பழைய பதிவு. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில், பெரியவர்கள் தேவாலயத்தில் இருக்கும்போது இது நடக்கிறது. கானி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழக்கமே இல்லை என்று ஒரு வரி வரும். அவளுக்குத் தேவாலயம் அந்த உணவகம். புனிதமான கட்டடத்துக்குள் நுழைவது போல அவர்கள் அதற்குள் நுழைகிறார்கள், அங்கே ஒலிக்கும் பாட்டு வழிபாட்டின் இசை மாதிரி நம்பகமானதாக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் அவள் வானொலி கேட்கிறாள். கார் வந்து நின்றதும் அதிலிருந்து வருவதும் அதே நிகழ்ச்சி. வீட்டுக்குள்ளும் அதே பாட்டு, வெளியே வந்து நிற்பவனிடமும் அதே பாட்டு. இப்படி இருக்கும்போது கதவை அடைத்து என்ன பயன்? ஓட்ஸ் இந்தக் கதையைப் பாடகர் பாப் டிலனுக்குச் சமர்ப்பித்திருப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பாட்டைக் குற்றம் சாட்டுவதற்காகச் சமர்ப்பித்தார் என்று நான் படிக்கவில்லை. குழல் ஊதுகிறவன் வேறு, அவன் எடுத்து ஊதுகிற பாட்டு வேறு.

கதவு என்றதும் மூன்று பன்றிக்குட்டிகள். வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு; ஓநாயால் ஊதித் தள்ள முடியாதது செங்கல் வீடு மட்டும்தான். ஆர்னால்ட் சொல்வதைக் கேளுங்கள்: இது வெறும் வலைக்கதவு, வேண்டுமென்றால் வலை, கண்ணாடி, மரம், இரும்பு எதை வேண்டுமானாலும் உடைத்துக்கொண்டு உள்ளே வரலாம். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கெட்டியாகிக்கொண்டே போகிறது. பிறகு ஒரே போடாக, உன் அப்பா வீடு ஓர் அட்டைப் பெட்டி, நினைத்தால் தட்டி விழுத்திவிடுவேன் என்கிறான். செங்கல் வீடு என்று ஒன்று இந்தக் கதையில் இல்லை. ஆனாலும் அவன் உள்ளே வருவதில்லை! நீ தொலைபேசியைத் தொடாதவரைக்கும் வரமாட்டேன் என்கிறான். அவள் தொட்ட பிறகும் வருவதில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, பேசிப் பேசியே அவளைத் தானாக வெளியே வரவைக்கிறான். அழைக்காமல் பேய் படியேறாது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது.

நமக்கு இந்த இடத்தில் சீதை நினைவுக்கு வராமல் இருக்காது. இலக்குவன் கிழித்த கோடு என்று நாம் கேட்டிருப்பது வால்மீகியில் இல்லை. கம்பனில் ராவணன் சீதையைத் தொடாமல், குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துக்கொண்டு போகிறான். அட்டைப் பெட்டி வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் வரும். ஆனால் ராவணனுக்குக் குடிலைத் தூக்க வேண்டியிருந்தது. ஆர்னால்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை, தூக்க முடியும் என்று சொன்னதே போதுமானதாக இருந்தது.

காரில் எழுதியிருக்கும் 33, 19, 17 என்ற எண்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இது ரகசியக் குறி என்கிறான் ஆர்னால்ட், விளக்குவதில்லை. பழைய ஏற்பாட்டின் 39 நூல்களைக் கடைசியிலிருந்து எண்ணினால் 33-வதாக வருவது நியாயாதிபதிகள். அதன் 19-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனத்தில், ஊர்த் தெருவில் இருக்கும் வழிப்போக்கனைப் பார்த்து ஒரு கிழவர் கேட்கிறார்: எங்கே போகிறாய், எங்கேயிருந்து வருகிறாய்? முதல் முறை இந்தக் கணக்கைக் கேட்டபோது, தேடினால் எதிலும் எதையும் கண்டுபிடிக்கலாம் என்று சிரித்துவிட்டேன். பிறகு அந்த அதிகாரத்தைக் கடைசி வரை படித்தேன். கிழவர் அவர்களை வீட்டுக்குள் அழைத்துப்போகிறார். இரவில் ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டு கதவைத் தட்டுகிறார்கள். வழிப்போக்கனோடு வந்த மறுமனையாட்டி வெளியே தள்ளப்படுகிறாள். விடிந்து கதவைத் திறந்தால், கைகள் வாசற்படியின் மேல் கிடக்க அவள் விழுந்து கிடக்கிறாள். எண் கணக்கு தற்செயலாகக்கூட இருக்கட்டும். உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்ற ஒரு பெண் வாசற்படியைத் தாண்டி வெளியே அனுப்பப்பட்ட கதை அது. கானியும் கிட்டத்தட்ட அதே விலைக்குத்தான் வெளியே வருகிறாள்: நீ வந்துவிட்டால் உன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அதனால்தான் 'மோசம் போனாள்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அவள் வெகுளியாக இருந்தது முன்பாதியில், தங்க வண்டி தனக்காக வந்திருக்கிறதா என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தபோது. கதவைத் திறக்கிற நேரத்தில் அந்தக் கானி அங்கே இல்லை. தன் உடம்பும் நீளமான தலைமுடியும் வெயிலுக்குள் இறங்கிப் போவதை வேறெங்கோ நின்று பார்ப்பவள் போல அவள் பார்க்கிறாள். அவளைச் சுற்றிக் காடு இல்லை, இருட்டும் இல்லை. இதுவரை பார்த்தேயிராத பரந்த நிலமும் வெயிலும்தான்.

1985-ல் இந்தக் கதையை 'ஸ்மூத் டாக்' என்று படமாக எடுத்தார்கள். ஜாய்ஸ் சோப்ரா இயக்கினார், லாரா டெர்ன் கானியாக நடித்தார். படத்தில் கானி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். பெரோவின் கதைக்குக் கிரிம் வேட்டைக்காரரைச் சேர்த்த மாதிரிதான் இதுவும். பார்க்கிறவர்களுக்குத் தாங்காது என்று தோன்றும்போது யாரோ ஒருவர் எப்போதும் ஓநாயின் வயிற்றைத் திறந்துவிடுகிறார்கள். நல்ல படம், பார்க்கலாம். ஆனால் கதையைப் படித்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம்.

கடைசியாக, மறுபடி படிக்கும்போது ஓரிடத்தில் நின்று பாருங்கள். முடிவுக்குச் சில வரிகள் முன்னால், ஆர்னால்ட் பாதிப் பாட்டாகப் பெருமூச்சோடு அவளை நீலக்கண் பெண்ணே என்று கொஞ்சுகிறான். கானியின் கண்கள் பழுப்பு நிறம். அவள் பெயர் அவனுக்குத் தெரியும், தோழிகளின் பெயர் தெரியும், பல மைல் தள்ளி நடக்கும் விருந்தில் அவள் அக்கா என்ன உடுத்தியிருக்கிறாள் என்பதுகூடத் தெரியும். அவ்வளவு நேரம் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு அவள் கண்ணின் நிறம் தெரியவில்லை.